சீம்பாலுக்கு நின்றவை

ஏணிப்பாறையில் செத்துப்போன குதிரைக்குட்டிகள் திரும்பி வரத் தொடங்கியது ஐப்பசி மழை விட்ட பிறகு, காப்பிப் பழம் பறிக்க ஆள் போதாமல் ஊரே தோட்டங்களில் கிடந்த நாட்களில் என்பதால், அவற்றை முதலில் கண்டது யார் என்று பின்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குதிரைகள்தான் கண்டன என்பதே சரியாக இருக்கும். அடிவாரத்திலிருந்து ஊருக்குச் சாலை கிடையாது. அரிசியும் சிமெண்டும் கேஸ் சிலிண்டரும் மேலே வருவதும், காப்பியும் மலைவாழையும் கீழே போவதும் குதிரை முதுகில்தான். அப்படிப் பொதியோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த பெட்டைக்குதிரைகள் ஒருநாள் கருங்குழி வளைவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தலையைத் திருப்பி மேலே பார்த்தன. குட்டியைக் கூப்பிட மட்டுமே தாய்க்குதிரை எழுப்பும் அந்தத் தாழ்ந்த தொண்டைச் சத்தத்தை எழுப்பின. காத்திருந்தன. பிறகு, வரவேண்டியது வந்து சேர்ந்துவிட்டதுபோல நடந்தன.

மூடுபனி கொஞ்சம் விலகியபோது குதிரைக்காரர்கள் கால்களைப் பார்த்தார்கள். மெலிந்து நீண்ட கால்கள். முழங்கால் மட்டும் விளாங்காய்போல வீங்கியிருந்தது. அதன்பின் வயிறும் அதன் நடுவே காயாமல் ஈரம் கசியும் தொப்புளும், அதன்பின் முகமும் தெரிந்தன. எந்த நாளில் எப்படிச் செத்தனவோ அப்படியே இருந்தன. வளரவில்லை. நொண்டிக்கொண்டு அதனதன் தாய்க்குப் பின்னால் வந்தன. தாயும் செத்துப்போனவை, யார் பின்னால் போவது என்று சற்று நின்று பார்த்துவிட்டு, யாராவது ஒருவர் பின்னால் வந்தன.

ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பறிப்பு நேரம் அது. பாதை குறுகலாக இருந்த இடங்களில் மண்திட்டை வெட்டி அகலப்படுத்தினார்கள். கொட்டிலில் படலைச் சாத்தாமல் விட்டார்கள். கல்லெறியக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள், பிள்ளைகளும் ஒன்றிரண்டு நாள் எறிந்து பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கீழேயிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், சன்னலுக்கு அடியில் என்ன சத்தம் என்று கேட்டதற்குப் பெண்ணின் தகப்பன், "எங்க குட்டிகதான், வேற ஒண்ணுமில்ல, கேசரி சாப்புடுங்க" என்று சொல்ல, அவர்களும் சாப்பிட்டு, பூ வைத்துவிட்டுப் போனார்கள். அடிவாரத்து மண்டிக்காரர் மட்டும் பொதி தாமதமாக வருகிறது என்று சலித்துக்கொண்டார்.

"உங்க ஊர்ல செத்ததும் வேலைக்கு வருதாமே? எங்க ஊர்ல உசுரோட இருக்குறவனே வர மாட்டேங்குறான்."

டீக்கடை சேவுகன் அவற்றுக்காக ஒரு சட்டியில் கொள்ளுத்தண்ணீர் வைத்துப் பார்த்தான். அவை தொடவில்லை. புல்லையும் தொடவில்லை. பெட்டைக்குதிரைகளின் மடியில் மூக்கை வைத்து முட்டும், சற்று நேரம் அப்படியே நிற்கும், பிறகு இது இல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் கொடுத்துக்கொண்டிருந்த குதிரைகளிடமும் அப்படித்தான். அவை எதைத் தேடுகின்றன என்று தெரியாமலேயே ஊர் அவற்றோடு பழகிவிட்டது.

ஒச்சாயியின் செவலைக் குதிரைக்குப் பின்னால் மூன்று வந்தன. மூன்றும் அவள் கையில் பிறந்து, அவள் மடியில் தலை வைத்துச் செத்தவை. புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்தச் செவலை ஒன்றுதான். செவலைக்குப் பல் தேய்ந்துவிட்டது. ஏற்றத்தில் நுரை தள்ளியது. குதிரை இல்லாத வீட்டுக்குப் பாதையில் பொதி ஏற்றும் முறை கிடையாது. முறை இல்லாத வீடு கதவைச் சாத்திவிட்டுக் கீழே செங்கல் சூளைக்கு இறங்க வேண்டியதுதான், ஏற்கெனவே சில வீடுகள் இறங்கியிருந்தன. செவலை இப்போது சினையாக இருந்தது. இதற்குமேல் அது ஈனாது. இந்தக் குட்டி பிழைத்து நின்றால் ஒச்சாயி ஏணிப்பாறையில் இருப்பாள், இல்லாவிட்டால் இல்லை.

மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் அருமைநாயகம், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவர், கருங்குழி வளைவில் செவலையைப் பார்த்தார், அதன் பின்னால் வந்த மூன்றையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிக் குட்டியின் முன் குந்தினார். தொட்டால் கையில் ஒன்றும் படாது என்று ஒச்சாயி சொன்னாள். தொடவில்லை, பார்க்கத்தான் செய்கிறேன் என்றார். முழங்காலைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார்.

"இதுகளுக்குச் சீம்பால் குடுத்தீங்களாம்மா?"

"அதெப்படி சார் குடுக்கறது? அது கல்லுக்குல்ல."

கல் என்று அவள் சொன்னது கணவாயின் வாயில் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கும் கடவுக்கல்லை. ஏணிப்பாறையில் எந்தக் குதிரை ஈன்றாலும், மஞ்சளாய்த் தேன்போல இறங்கும் முதல் பாலை மடி வற்றக் கறந்து அந்தக் கல்லின் தலையில் ஊற்றுவார்கள். அன்று முழுதும் குட்டிக்குக் கருப்பட்டித் தண்ணீர்தான். மறுநாள்தான் தாயிடம் விடுவார்கள். தொப்புள்கொடியைப் பொதிக்கயிறு அறுக்கும் கத்தியால் அறுத்து, கல்லடி மண்ணை எடுத்து அப்புவார்கள். எவ்வளவோ குட்டிகள் அப்படிப் பிறந்து, பாதி நின்றன, பாதி நிற்கவில்லை. நிற்காதது குட்டியின் விதி என்று இருந்தார்கள்.

மருத்துவர் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"மனுசப் பிள்ளை வயித்துல இருக்கும்போதே தாய்கிட்ட இருந்து கொஞ்சம் நோய் எதிர்ப்பு வாங்கிட்டு வந்துரும்மா. குதிரைக்குட்டிக்கு அது இல்ல. வெறுங்கையோட வரும். அதுக்கு வேண்டியது அம்புட்டும் அந்த மொதப் பால்லதான் இருக்கு. அதுவும் பிறந்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உள்ள போகணும். மறுநாள் குடிச்சா வயிறு ரொம்பும், அவ்வளவுதான், குடல் அதை ரத்தத்துக்கு விடாது. நீங்க பாலைக் கல்லுக்கு ஊத்திட்டு, தொப்புள்ல மண்ணை வைக்கிறீங்க. கிருமி அந்த வழியா ஏறி, ரத்தத்துல ஓடி, மூட்டுல போய் உக்காந்துக்குது." மூன்றையும் பார்த்துத் தலையசைத்தார். "இதுக அதான் தேடுது."

அயோடின் புட்டி ஒன்றை அவளிடம் கொடுத்தார். கொடியை அறுக்காதே, தானாக அறும், அறுந்ததும் இதில் முக்கு, குட்டி எழுந்ததும் மடியில் விடு என்றார். இறங்கும்போது வழியில் எதிர்ப்பட்ட ஒரு குட்டிக்கு ஒதுங்கி நின்று இடம் விட்டார்.

கல்லுக்குப் பால் ஊற்றுகிறவள் பிச்சம்மாள், ஒச்சாயியின் புருஷனுக்கு அக்காள். ஆண்கள் எட்டாத உயரத்துக்கு எட்டும் நீண்ட கை அவளுக்கு. பிள்ளை இல்லாதவள். அவளுடைய பெட்டைக்குதிரை ஈன்றபோதே செத்துப்போனது, அதன் முதல் பாலைச் செத்த மடியிலிருந்து கறந்து கொண்டுபோய் ஊற்றியவளும் அவள்தான். அந்தக் குட்டி பிறகு நாலைந்து நாள் இருந்தது. இப்போது அது பின்னால் போக வேறு தாய் இல்லாமல் பிச்சம்மாளின் பின்னாலேயே நொண்டிக்கொண்டு அலைந்தது. முந்தானையை வாயில் கவ்விச் சப்பிக்கொண்டே வரும். கோட்டி என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

"டாக்டரு சொன்னாராம், இவ கேட்டாளாம்" என்றாள் பிச்சம்மாள், ஒச்சாயியின் வாசலில் நின்று. "ஒரு வருசம் ஊத்தாம விட்டதுக்கு மலை சரிஞ்சு கடவு அடைச்சுச்சு, தெரியுமாத்தா? மேல உள்ளவன் மேலயே கெடந்து கெழங்கத் தின்னான். உம் புருசன் அப்ப பால்குடி. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

"எனக்குக் கடவு தெறந்திருந்து என்ன மதினி ஆகப்போகுது? ஏறி வர்றதுக்குக் குதிரை வேணும்ல."

"வாய் மட்டும் ஒங்க ஆத்தா வாய்."

"ஒங்க தம்பி அத நம்பித்தான கட்டுனாரு."

பிச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பி, "விடுறா கோட்டி, சேலை கிழியுது" என்று பின்னால் அதட்டிவிட்டுப் போனாள்.

தை மாதத்தில், பனி இன்னும் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் செவலை ஈன்றது. பெண்குட்டி. நெற்றியில் வெள்ளை. ஒச்சாயி கத்தியை எடுக்கவில்லை. குதிரை எழுந்தபோது கொடி தானாக அறுந்தது, அவள் அயோடினில் முக்கினாள், குட்டியை வைக்கோலால் தேய்த்தாள். ஊரில் செத்த குட்டிகள் அத்தனையும் கொட்டிலைச் சுற்றி வந்து நின்றிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். ஒன்றும் சத்தம் போடவில்லை. பனி அவற்றின் மேல் விழாமல் அவற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

மற்றவை படலுக்கு வெளியிலேயே நின்றன. செவலையின் மூன்று மட்டும் உள்ளே வந்தன.

பிறந்தது கால்களை நாலு பக்கமும் பரப்பி எழ முயன்று விழுந்து, மறுபடி முயன்று விழுந்துகொண்டிருந்தது. ஒச்சாயி அதன் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் மூன்றும் மடியை அடைந்துவிட்டன. செவலை காலைத் தூக்கி வைத்து இடம் விட்டது. அதற்கு அவை முந்திப் பிறந்தவை, வெகுநாளாகப் பசித்திருந்தவை. ஒச்சாயி மூலையில் இருந்த கம்பை எடுத்தாள். ஓங்கினாள். ஒவ்வொன்றும் எந்த ராத்திரியில் எப்படி மூச்சுவிடத் திணறியது என்று அவளுக்குத் தெரியும். மூத்தது குடிக்கும்போது வாலை ஆட்டியது. உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட அது வாலை ஆட்டியதில்லை.

கம்பு அவள் கையில் அப்படியே இருந்தது.

அவை குடிக்கக் குடிக்க முழங்கால் வீக்கம் வடிந்தது. தொப்புள் காய்ந்து சுருங்கியது. மூன்றும் மடியை விட்டு விலகி, வாயோரம் மஞ்சள் ஒட்டியிருக்க, ஒன்றையொன்று முகர்ந்தன. நொண்டாமல் படலைத் தாண்டிப் போயின, பனிக்குள் போயின, பிறகு வரவே இல்லை. பிறந்தது எழுந்து வந்தபோது மடி வற்றித் தொங்கிப்போயிருந்தது. கறந்து பார்த்தாள். விரல் நனையும் அளவுக்குத்தான் வந்தது. சாயங்காலம் மடியில் வந்தது வெள்ளைப் பால்.

"கல்லுக்கும் இல்ல, குட்டிக்கும் இல்ல" என்று பிச்சம்மாள் வெறும் கிண்ணத்தோடு திரும்பிப் போனாள். அவள் குரலில் வழக்கமான குத்தல் இல்லை. போகும் வழியெல்லாம் கோட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் குட்டி ஓடியது. அதற்கு அடுத்த நாள் மடியருகே நின்றுகொண்டே குடிக்காமல் இருந்தது. செவலையின் பால் தானாகச் சொட்டி அதன் நெற்றியில் வழிந்து காய்ந்திருந்ததை ஒச்சாயி பார்த்தாள். மூன்றுக்கும் அப்படித்தான் தொடங்கியது. காது சுட்டது. முன்னங்கால் முழங்கால் தொட்டால் சூடாக இருந்தது. படுத்தது எழவில்லை. அவள் சிக்னல் கிடைக்கும் மொட்டைப்பாறையின் மேல் ஏறி நின்று மருத்துவருக்குப் போன் செய்தாள். என்ன ஆனது என்று அவர் கேட்டதற்கு, "அதுக குடிச்சிருச்சு சார்" என்றாள். குட்டியைக் குளிரவிடாதே, வருகிறேன் என்றார்.

ஐஸ் பெட்டியைச் சேவுகன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் வர, அவர் மறுநாள் காலை பத்து மணிவாக்கில் வந்து சேர்ந்தார். குட்டியின் ஈறுகளைப் பார்த்தார், கழுத்து நரம்பில் ஊசி வைத்துக் கட்டி, மருந்தை மெதுவாக ஏற்றினார். முழங்கால் மூட்டில் ஊசி செலுத்தியபோது கலங்கலான நீர் வந்தது. உப்புநீர் விட்டு அது தெளியும்வரை கழுவினார்.

"மருந்து கிருமியக் கொல்லும். ஆனா எதிர்த்து நிக்க இதுக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்ல. பெரிய குதிரை ஒண்ணோட ரத்தம் வேணும். ரத்தம் முழுசும் இல்ல, அது மேல தெளியுற நீர். நல்ல ஆரோக்கியமான ஆண்குதிரை இருந்தா நல்லது."

கொட்டில் வாசலில் நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பறிப்பு உச்சத்தில் இருந்தது. ரத்தம் எடுத்த குதிரை ஏற்றத்தில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று ஒருவர் மெல்லக் கேட்டார். அதற்குள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பிச்சம்மாள் தன் கருவாயனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காயடித்த பெரிய குதிரை, ஊரிலேயே நல்ல சுமைக்காரன்.

"வேடிக்கை பாத்தது போதும். வழிய விடுங்க. ஏன் சார், இது ஆண்ல சேத்தியா?"

"இந்த வேலைக்கு இவனுங்கதாம்மா முதல்தரம்" என்றார் அவர். வாசலில் யாரோ சிரித்தார்கள்.

கருவாயனின் ரத்தத்தில் ஒரு துளியையும் குட்டியின் ரத்தத்தில் ஒரு துளியையும் கண்ணாடித் துண்டில் கலந்து, திரிகிறதா என்று பார்த்த பிறகு பைகளை நிரப்பித் தொங்கவிட்டார். குதிரை ரத்தம் சீக்கிரம் பிரியும். மதியத்துக்குள் சிவப்பு கீழே இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. சீம்பாலின் நிறம் என்று ஒச்சாயி நினைத்தாள்.

"சீம்பால்ல இருக்கறதுதான் இதுலயும் இருக்கு" என்றார் மருத்துவர், அதை வேறு பைக்கு மாற்றிக்கொண்டே. அவர் சொன்னது படலுக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும். வழக்கமாகச் சாயங்காலம் பொதிக்குதிரைகளோடு திரும்பும் குட்டிகள் எல்லாம் அப்போதே வந்து நின்றன.

ஒச்சாயி குட்டியின் தலையை மடியில் பிடித்திருந்தாள். மருத்துவர் கழுத்தில் ஊசியைப் பிடித்திருந்தார். கொட்டிலின் உத்தரம் தாழ்வானது, பையை அதற்கு மேலே உயர்த்திப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கல்லுக்கு ஊற்றிப் பழகிய கை என்று யாரும் சொல்லவில்லை. பிச்சம்மாள் தானாக வந்து, கூரையில் ஓடு விலகியிருந்த இடத்துக்கு அடியில் நின்று, பையை வாங்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். வேகமாகப் போனால் குட்டி தாங்காது, சொட்டுச் சொட்டாகத்தான் என்றார் மருத்துவர்.

முதல் சொட்டு இறங்கியதும் கோட்டி உள்ளே வந்தது. மற்றவை வாசலில் நின்றன. அது அவள் இடுப்பில் மூக்கை வைத்து முட்டியது. முந்தானையைத் தேடவில்லை. மேலே பையைப் பார்த்தது. வீங்கிய முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, முன்னங்காலைத் தூக்கி அவள் மேல் வைக்கப் பார்த்தது, சறுக்கியது, மறுபடி வைத்தது. தொட்டால் கையில் படாத அந்தக் கால், அவள் இடுப்பில் மட்டும் ஒவ்வொரு முறையும் கனத்தது. அவள் மறுகையாலும் பையைத் தாங்கிக்கொண்டதை ஒச்சாயி பார்த்தாள். கொஞ்சம் கையைத் தாழ்த்தினால் போதும். குழாயைப் பையிலிருந்து உருவினால் போதும். அப்படிச் செய்தால் அவளைத் தடுக்கும் உரிமை தனக்கு இல்லை என்று ஒச்சாயி நினைத்தாள். மூன்று நாளைக்கு முன் கம்பை ஓங்கியும் அடிக்காமல் விட்ட கை ஒச்சாயியுடையது.

"மதினி" என்றாள்.

"நீ குட்டியப் பிடி" என்றாள் பிச்சம்மாள்.

கோட்டி குரல் கொடுத்தது. திரும்பி வந்த நாளிலிருந்து எந்தக் குட்டியும் குரல் கொடுத்ததில்லை. வாசலில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், செவலை மட்டும் அதற்குப் பதில் குரல் கொடுத்தது.

"இது ஒனக்கு இல்லடா" என்றாள் பிச்சம்மாள், அண்ணாந்து பையையே பார்த்தபடி. "ஒனக்கு வந்ததத்தான் நான் கொண்டுபோயி ஊத்திட்டேன்ல. இது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. தள்ளிப் போ. கோட்டி, சொன்னாக் கேளுப்பா."

அது கேட்கவில்லை. பை தீரும்வரை முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது பையும் தீரும்வரை இருந்தது. வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தது. மருத்துவர் ஊசியை எடுத்த பிறகும் பிச்சம்மாளால் கையைக் கீழே இறக்க முடியவில்லை, சேவுகனும் ஒச்சாயியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து மடக்கிவிட்டார்கள்.

குட்டி அன்று எழவில்லை. கறந்த பாலைக் குழாய் வழியாக வயிற்றுக்கு விட்டார்கள். மருத்துவர் ஊசிமருந்தை வைத்துவிட்டு, எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு இறங்கினார், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டியைத் திட்டிக்கொண்டே ஏறி வந்து மூட்டைக் கழுவினார். ஒரு காலையில் ஒச்சாயி கொள்ளு அவித்துக்கொண்டிருந்தபோது முதுகில் ஏதோ இடித்தது. திரும்பினால் குட்டி. மூன்று காலில் ஊன்றி, நாலாவதைத் தரையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கால் பிறகு முழுதாகச் சரியாகவில்லை, இறக்கத்தில் லேசாகத் தடுமாறும். ஆனால் பொதி தாங்கும் என்றார் மருத்துவர்.

அதன்பிறகு ஏணிப்பாறையில் ஈன்ற குதிரை சேவுகனுடையது. அதன் மடி பெரியது. கொடியை யாரும் அறுக்கவில்லை. மற்றவர்கள் தூரத்தில் நிற்க, படலை இழுத்துச் சாத்தி, பிறந்தது எழுந்து வயிறு புடைக்கக் குடித்து, தூங்கி, எழுந்து மறுபடி குடிக்கும்வரை ஆண்கள் படலுக்கு முதுகு கொடுத்து நின்றார்கள். மிச்சத்தைச் சேவுகன் பிச்சம்மாளின் கிண்ணத்தில் கறந்தான். அரைக்கிண்ணம் இருந்தது. மிச்சம் என்றாலும் கல்லுக்குரியது என்றார் ஒரு பெரியவர். பிச்சம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கணவாய்ப் பாதையில் நடந்தாள், கோட்டி முந்தானையைக் கவ்விக்கொண்டு பின்னால் போனது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் நின்றாள். கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்குவாள் என்று இருந்தார்கள். அவள் பாதையிலேயே கால் நீட்டி உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கோட்டி முந்தானையை விட்டுவிட்டுக் கிண்ணத்துக்குள் மூக்கை இறக்கியது.

அன்று கல் நனையவில்லை. மலையும் சரியவில்லை. பங்குனியில் ஒரு மழை பெய்தபோது எல்லோரும் கணவாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டே தூங்காமல் இருந்தார்கள், காலையில் பாதை இருந்தது. அடுத்தடுத்து ஈன்ற குதிரைகளின் மிச்சப்பாலுக்கு எந்தக் குட்டி முதலில் என்று டீக்கடையில் சண்டை வந்தது, தீர்ந்தது, மறுபடி வந்தது. பாதையில் கால்கள் குறைந்துகொண்டே வந்தன.

செவலையின் குட்டி முதன்முதலாக, சேணம் இல்லாமல் வெறுமனே, தாயோடு அடிவாரத்துக்கு இறங்கிய அன்று, கருங்குழி வளைவில் செவலை நின்றது. தலையைத் திருப்பி மேலே பார்த்தது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை எழுப்பியது. குட்டியும் நின்று, தாய் பார்த்த பக்கமே பார்த்தது. பனியில் ஒன்றும் வரவில்லை. ஒச்சாயி கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"இழுக்காத" என்றாள் பின்னால் கருவாயனோடு வந்த பிச்சம்மாள். "நிக்கட்டும். பொழுது கெடக்கு."

வரிசை முழுதும் நின்றது. கீழே மண்டிக்காரர் திட்டுவார். ஒச்சாயி திரும்பிப் பார்த்தபோது, பிச்சம்மாள் பாதையின் ஓரமாக, மலைப்பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையின் நுனியை விரல்களில் பிடித்து, பின்பக்கமாகத் தாழ்த்தி நீட்டியிருந்தாள்.